மாயவரம் – தரங்கம்பாடி பழைய ரயில் பாதையைத் தேடிப் போகிறவர்களுக்கு

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரை சுமார் 30 கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கேஜ் கிளைப் பாதை, அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள பாதை, இருந்தது. 1926இல் வந்தது, 1986இல் நின்றது. அதன்பின் தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். மயிலாடுதுறை டவுன், மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு, தரங்கம்பாடி என்று ஊர்களைச் சொன்னாலே வரிசை புரிந்துவிடும். பொறையாறு ரயிலடியில் இறங்கிக் கூண்டு வண்டி ஏறிய கதையை அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பாதையை ஒரு தடவையாவது நடந்து பார்த்துவிட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

மூன்று தடவை போனேன். முதல் தடவை, கையில் எதுவும் இல்லாமல், பஸ் ஏறிப் போய் இறங்கினேன். உயரமாக, நேராகப் போன ஒரு கரையைப் பார்த்து, இதுதான் பாதை என்று வெயிலில் இரண்டு மணி நேரம் நடந்தேன். கடைசியில் அது ஒரு வாய்க்கால் கரை என்று தெரிந்தது. இரண்டாம் தடவை ஐப்பசியில் போய்விட்டேன். வயலெல்லாம் தண்ணீர், வரப்பில் கால் வைக்க முடியவில்லை. மூன்றாம் தடவை காகிதங்களோடு போனேன். முதல் இரண்டு பயணத்திலும் பார்க்காததை அன்று ஒரே காலையில் பார்த்தேன்.

டெல்டா மண் எதையும் சீக்கிரம் மூடிவிடும். கண்ணை மட்டும் நம்பிப் போனால் பாதை தெரியாது. முதலில் காகிதம், அப்புறம் கால். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. நடக்கும் மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லா வேலையும் இந்தத் தேதியிலிருந்து பின்னோக்கித்தான் கணக்குப் போட வேண்டும்.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். அந்த மாதங்களில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும், வயலில் நெல் நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வேறு. சரி, தை அறுவடை முடிந்ததும் போகலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சம்பா அறுவடையை ஒட்டியே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அறுத்த தாள் மட்டும் கிடக்கிற வெறும் வயல் மாதிரி இருக்கும், கிட்டே போனால் தாளுக்கு நடுவே உளுந்துச் செடி நிற்கும். அதை மிதித்துக்கொண்டு போனால் யாருக்கும் கோபம் வரும், அந்தக் கோபம் நியாயமானது.

அதனால் பிப்ரவரி, மார்ச்சில் போனால் வரப்பிலும் சாலையிலும் மட்டும் நடங்கள். வயலில் இறங்கிப் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல் கடைசியும் மே மாதமும் சரியான நேரம். வெயில் கொடுமையாக இருக்கும். காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடித்துவிடுங்கள். 30 கிலோமீட்டரையும் ஒரே நாளில் நடக்கிற திட்டம் வேண்டாம். மூன்று காலைகளாகப் பிரித்துக்கொண்டால் நின்று பார்க்க நேரம் கிடைக்கும்.

2. ஊர்ப் பெயர்களின் பழைய எழுத்து வடிவங்களைச் சேர்த்துவையுங்கள்

இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் இதைச் செய்யாததால் எனக்கு இரண்டு மாதம் வீணானது.

பழைய ரயில்வே காகிதங்களிலும் வரைபடங்களிலும் ‘தரங்கம்பாடி’ என்று தேடினால் எதுவும் கிடைக்காது. அங்கே அது ‘ட்ராங்கபார்’. மயிலாடுதுறை ஒரு காலத்தில் மாயவரம், அப்புறம் மாயூரம், அதற்கப்புறம்தான் மயிலாடுதுறை. சீர்காழி ‘ஷியாளி’ என்று இருக்கும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் இப்போதைய பெயர், பழைய பெயர், பழைய ஆங்கில எழுத்துக்கூட்டு என்று மூன்று பத்தி போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் அந்தத் தாளின் நகலை இணைத்துவிடுங்கள்.

மாவட்டத்தின் பெயரும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பாதை போட்டபோதும் மூடியபோதும் இது தஞ்சாவூர் மாவட்டம். 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம் ஆனது. 2020இல் மயிலாடுதுறை மாவட்டம் பிரிந்தது. அதனால் பழைய வருவாய்க் காகிதம் எந்த ஊர் அலுவலகத்தில் இருக்கிறது என்பதை அந்தக் காகிதத்தின் வருடத்தை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

3. வரைபடங்களை இறக்கிக்கொள்ளுங்கள்

இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள் எண் முறையில், மயிலாடுதுறை 58 எம்/12 தாளிலும் தரங்கம்பாடி 58 எம்/16 தாளிலும் வரும். 1:50,000 அளவிலான இன்றைய வரைபடங்களைத் துறையின் தளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாகவே எடுக்கலாம். ஆனால் அவற்றின் எண் முறை வேறு. தவிர, பாதை போனபிறகு திருத்தி அச்சிட்ட தாளை வைத்துப் பாதையைத் தேட முடியாது. 1986க்கு முன் அச்சான பதிப்பு எங்காவது பல்கலைக்கழகப் புவியியல் துறையிலோ நூலகத்திலோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

அது கிடைக்கும்வரை இரண்டு மாற்று வழி உண்டு. 1950களில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட 1:250,000 வரைபடங்கள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. அளவு சிறியது. பாதை எந்த ஊருக்கு எந்தப் பக்கமாகப் போனது என்பதற்கு மட்டும் உதவும். இன்னொன்று, 1960களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் எடுத்த ‘கொரோனா’ படங்கள். ரயில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எடுத்தவை. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் தளத்தில் தேடலாம். ஏற்கெனவே ஸ்கேன் செய்த படம் இலவசம். செய்யாததை ஸ்கேன் செய்துதரக் கேட்டால் ஒரு படத்துக்கு 30 டாலர். பணம் கட்டும் முன், சிறிய முன்னோட்டப் படத்தில் மேகம் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம், கணினியில் கூகுள் எர்த் ப்ரோவை இறக்கிப் பழைய வருடப் படங்களைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். எதைத் தேடுவது? ரயில் பாதை சட்டென்று திரும்பாது. வாய்க்கால் வளையும், வண்டிப்பாதை வயல் ஓரமாக ஒடிந்து ஒடிந்து போகும். ரயில் பாதை மட்டும் நேராக வந்து, மெதுவாக, பெரிய வட்டத்தின் ஒரு துண்டு போல வளையும். வயல்களின் வரப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அந்த வெட்டு, நிலம் கைமாறிய பிறகும் வயல்களின் வடிவத்தில் நிற்கும். முக்கோண மூலையாக ஒரு வயல் தனியாகத் தெரிந்தால் அங்கே ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.

4. நில ஆவணம்: இங்கே அவசரப்படாதீர்கள்

எனக்குப் பாதையைக் காட்டியது இதுதான். தண்டவாளம் போய்விட்டது, ஸ்டேஷன் இடிந்துவிட்டது, ஜல்லியை அள்ளிவிட்டார்கள். ஆனால் ரயில்வேக்காகக் கையகப்படுத்திய நிலத்துக்கு வருவாய்க் கணக்கில் தனிச் சர்வே எண் இருக்கும். தண்டவாளத்தைப் பெயர்ப்பதால் அந்த எண் அழிந்துவிடாது.

முதலில் தமிழ்நாடு அரசின் டிஎன்ஜிஐஎஸ் வரைபடத் தளத்தைத் திறங்கள். செயற்கைக்கோள் படத்தின் மேல் சர்வே எல்லைகள் கோடாக விழும். கூகுள் எர்த்தில் நீங்கள் குறி போட்ட இடத்துக்குப் போய்ச் சொடுக்கினால் கிராமப் பெயரும் சர்வே எண்ணும் வரும். நீளமாக, ஒல்லியாக, பக்கத்து வயல்களோடு ஒட்டாமல் ஓடுகிற எண்ணைப் பிடியுங்கள். கிராம எல்லை வந்ததும் எண் மாறும், துண்டின் அகலமும் போக்கும் அப்படியே தொடரும். ஒரு கிராமத்தில் பிடித்துவிட்டால் அடுத்தடுத்த கிராமம் தானாக வந்துவிடும். ஸ்டேஷன் இருந்த இடத்தில் அந்தத் துண்டு அகலமாக விரியும், வயிறு புடைத்த மாதிரி. எனக்கு முதலில் அகப்பட்டது அப்படி ஒரு புடைப்புதான். ராத்திரி பதினொன்றரை மணிக்கு அதைப் பார்த்துவிட்டு அம்மாவை எழுப்பிக் காட்டினேன்.

எண் கிடைத்ததும் அரசின் இ-சேவைத் தளத்தில் பட்டா, சிட்டா பார்க்கிற அதே இடத்தில் ‘அ’ பதிவேட்டு விவரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் என்று அந்தப் பதிவேடு சொல்லும். மாவட்டம் மயிலாடுதுறை. மன்னம்பந்தலுக்கு மயிலாடுதுறை வட்டத்தையும், செம்பனார்கோயில் தொடங்கிக் கிழக்கே உள்ள ஊர்களுக்குத் தரங்கம்பாடி வட்டத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கைபேசி எண்ணுக்கு ஓடிபி வரும், பார்க்கக் கட்டணம் இல்லை. ரயில்வே புறம்போக்கு என்ற வகைப்பாடு வந்தால் சந்தோஷம். சாலை என்றோ நத்தம் என்றோ வந்தால் விட்டுவிடாதீர்கள், இடையில் வகை மாறியிருக்கலாம். முன்னும் பின்னும் உள்ள எண்களோடு சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் எஃப்.எம்.பி., அதாவது புலப்பட வரைபடம். இதில் எல்லைக் கற்களும் அவற்றுக்கு இடையிலான தூரமும் இருக்கும். இதை அச்செடுத்துக்கொண்டு போனால்தான் வயலில் நிற்கும்போது ‘இந்தக் கல்லிலிருந்து இத்தனை மீட்டர்’ என்று டேப் பிடித்துப் பார்க்க முடியும். பழைய கையெழுத்துப் படம் கிடைத்தால் அதில் அளவு ‘லிங்க்ஸ்’ கணக்கில் இருக்கலாம். 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, ஒரு சங்கிலி 66 அடி. மீட்டர் என்று நினைத்து அளந்தால் எங்கேயோ போய் நிற்பீர்கள்.

இங்கே மூன்று இடத்தில் தடுமாறுவீர்கள். வருவாய்க் கிராமத்தின் பெயரும் ஸ்டேஷன் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஸ்டேஷன் பக்கத்துக் கிராமத்தின் எல்லைக்குள் இருந்திருக்கலாம். தளத்தில் உட்பிரிவு எண்ணையும் கேட்கும், அதை விட்டுவிட்டால் ‘விவரம் இல்லை’ என்று வரும். நீங்கள் பார்ப்பது விவரத்துக்காக மட்டும். சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் வட்டாட்சியர் அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பாருங்கள். கிராம வரைபடமும் ‘அ’ பதிவேடும் அவரிடம் இருக்கும். காலையில் போங்கள், சான்றிதழுக்காக நிற்கிற மக்களை முதலில் விடுங்கள். நகல் கேட்டு நெருக்காதீர்கள். மேசை மேல் விரித்து ஐந்து நிமிடம் காட்டினாலே உங்கள் வேலை முடிந்துவிடும்.

5. ரயில்வேக்குத் தகவல் உரிமை மனு

என் முதல் மனுவில் ‘இந்தப் பாதையின் வரலாற்றைத் தெரிவிக்கவும், ஏன் மூடினீர்கள் என்று விளக்கவும்’ என்று எழுதினேன். ஒரே வரியில், அப்படிப்பட்ட தகவல் இல்லை என்று பதில் வந்தது. கேள்விதான் தப்பு. தகவல் உரிமைச் சட்டத்தில் அவர்கள் கையில் இருக்கிற ஆவணத்தைக் கேட்கலாம். விளக்கமோ கருத்தோ கேட்டால் கிடைக்காது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இப்படிக் கேளுங்கள்:

மயிலாடுதுறை – தரங்கம்பாடி பிரிவின் லேண்ட் பிளான், அதாவது ரயில்வே நில எல்லையைக் காட்டும் வரைபடத்தின் நகல். அதே பிரிவின் இண்டெக்ஸ் பிளான், அதாவது பாதை முழுவதையும் காட்டும் வரைபடத்தின் நகல். பாலப் பதிவேட்டில், அதாவது பிரிட்ஜ் ரிஜிஸ்டரில், இந்தப் பிரிவுக்கான பக்கங்கள். ஸ்டேஷன்களின் வரைபடம். பாதையை மூடவும் தண்டவாளத்தை அகற்றவும் பிறப்பித்த உத்தரவு நகல். 1985, 1986 வருடங்களுக்கான வொர்க்கிங் டைம் டேபிளில், அதாவது ரயில்வே ஊழியர்களுக்கான கால அட்டவணையில், இந்தப் பிரிவின் பக்கங்கள். கடைசியாக, இந்த ஆவணங்களை நேரில் பார்வையிட அனுமதி.

பாலப் பதிவேட்டைக் கட்டாயம் கேளுங்கள். ஒவ்வொரு சிறு பாலமும் எத்தனையாவது கிலோமீட்டரில் இருக்கிறது, எத்தனை கண் (தண்ணீர் போகிற திறப்பு), எத்தனை அடி என்று அதில் வரிசையாக இருக்கும். டெல்டாவில் பத்து வயலுக்கு ஒரு வாய்க்கால். பாதையின் மிச்சம் இன்று அதிகம் நிற்பது அந்த வாய்க்கால்களின் மேல்தான். கிலோமீட்டர்க் கணக்கை எங்கிருந்து தொடங்கினார்கள் என்று குழப்பம் வந்தால், ஒரு பாலத்துக்கும் அடுத்த பாலத்துக்கும் இடையே உள்ள தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது பொய் சொல்லாது.

மயிலாடுதுறை தெற்கு ரயில்வேயின் திருச்சிராப்பள்ளி கோட்டத்தில் வருகிறது. மனுவைக் கோட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் அவர்களே 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. தமிழிலேயே எழுதலாம், சட்டம் அனுமதிக்கிறது. 500 வார்த்தைக்குள் முடித்துவிடுங்கள். பழைய ஊர்ப் பெயர்த் தாளை இணைக்க மறக்காதீர்கள்.

கட்டணத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். ரயில்வே மத்திய அரசு. 10 ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர் எடுத்து, ‘கணக்கு அலுவலர்’ பெயருக்கு எழுதி இணைக்கலாம், அல்லது மத்திய அரசின் ஆர்.டி.ஐ. தளத்தில் ஆன்லைனில் கட்டலாம். வட்டாட்சியர் அலுவலகம் மாநில அரசு. அங்கே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை மனுவில் ஒட்ட வேண்டும். இரண்டையும் மாற்றி அனுப்பினால் மனு திரும்பி வரும், நாள் போகும்.

பதிலுக்கு 30 நாள். ஏ4, ஏ3 அளவு நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். லேண்ட் பிளான் மாதிரி பெரிய தாளுக்கு நகலெடுக்கிற உண்மையான செலவைக் கட்டச் சொல்வார்கள். அந்தத் தொகையைக் கேட்டு அவர்கள் எழுதிய நாள் முதல் நீங்கள் கட்டுகிற நாள் வரை 30 நாள் கணக்கில் சேராது, அதனால் உடனே கட்டுங்கள். நேரில் பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு 5 ரூபாய். என்னைக் கேட்டால் நேரில் போய்ப் பார்த்து, வேண்டிய பக்கத்தை மட்டும் நகல் கேட்பதுதான் நல்லது. கட்டு அவிழ்த்துப் பார்க்கும்போது நீங்கள் கேட்கத் தெரியாத ஒரு தாள் கண்ணில் படும்.

30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். ரயில்வேயில் இதற்குக் கட்டணம் இல்லை. கெடு தாண்டித் தருகிற தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்று 7(6) பிரிவு சொல்கிறது. அதை மரியாதையாக ஒரு வரியில் நினைவுபடுத்தினால் போதும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அந்த ரசீதுத் தேதியில்தான் எல்லாம் நிற்கிறது.

6. ஆவணக் காப்பகம்

பாதை எங்கே போனது என்பது மட்டும் போதுமென்றால் இதைத் தாண்டிப் போய்விடலாம். யார் பணத்தில் போட்டார்கள், நிலத்தை யாரிடமிருந்து எடுத்தார்கள் என்றெல்லாம் தெரிய வேண்டுமென்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். அடையாள அட்டை, புகைப்படம், ஆய்வு மாணவர் என்றால் துறையின் கடிதம் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துக் கிளைப் பாதைகளில் ஜில்லா போர்டுக்கு, அதாவது அன்றைய மாவட்ட உள்ளாட்சி அமைப்புக்கு, பங்கு இருந்தது. அதனால் ரயில்வே தொடர்பான அரசாணைகளோடு, உள்ளாட்சித் துறை அரசாணைகளின் அட்டவணையையும் புரட்டுங்கள். தேட வேண்டிய சொல் ‘ட்ராங்கபார்’. ஒரே நாளில் முடியாது, இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

7. நடக்கிற நாள்

எடுத்துப்போக வேண்டியவை: எஃப்.எம்.பி. அச்சு, பாலப் பட்டியல், இணையம் இல்லாமலும் திறக்கிற வரைபடம் உள்ள கைபேசி, 30 மீட்டர் டேப், நோட்டு, பென்சில், வெள்ளைத் தாள், இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு கம்பு. கரைகளில் சீமைக் கருவேலம் மண்டியிருக்கும், முள் செருப்பைத் துளைத்துவிடும். ஷூ போடுங்கள். கம்பு பாம்புக்கு. தட்டிக்கொண்டே போனால் அது விலகிவிடும்.

சரி, எதைப் பார்ப்பது?

கல். நான் குனிந்து பார்க்கக் கற்றுக்கொண்டது அதைத்தான். இந்த மண்ணில் இயற்கையாகக் கருங்கல் கிடையாது, ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலும் களிமண்ணும்தான். வரப்போரத்தில் கை நிறைகிற அளவு உடைத்த கருங்கல் ஜல்லி கிடந்தால், அதை யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சாலை ஜல்லியாகவும் இருக்கலாம். தார் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். தார் இல்லாமல், சுமார் 2 அங்குல அளவில், விளிம்பு கூராக இருந்து, எஃப்.எம்.பி. துண்டுக்குள்ளேயே கிடந்தால் மனதில் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து சிறு பாலம். நான் பார்த்த முதல் பாலத்தை இன்னும் மறக்கவில்லை. வாய்க்காலின் இரண்டு கரையிலும் எதிரெதிரே சுண்ணாம்புக் காரை வைத்த செங்கல் சுவர். மேலே எதுவும் இல்லை. சுவரின் உச்சியில் மட்டும் சதுரமான கல், அதில் துருப்பிடித்த போல்ட்டின் அடிக்கட்டை இரண்டு. பாலத்தைத் தாங்கிய இரும்பு உத்தரம், கர்டர், உட்கார்ந்த இடம் அது. சுவர் மேல் ஒரு ஆள் துணி காயப்போட்டிருந்தார். பட்டியலில் இருந்த கண் அகலத்தையும் டேப்பையும் ஒப்பிட்டேன், அரை அடிகூட வித்தியாசம் இல்லை. அங்கிருந்து எஃப்.எம்.பி.யைத் திருப்பிப் பிடித்ததும், அதுவரை வெறும் வயலாக இருந்தது பாதையாகத் தெரிய ஆரம்பித்தது.

தண்டவாளத் துண்டு வேலிக் காலாகவோ கேட் தூணாகவோ நிற்பதைப் பார்ப்பீர்கள். உயரத்தை அளந்து பாருங்கள். தண்டவாளத்தை ஒரு கஜத்துக்கு எத்தனை பவுண்டு எடை என்று சொல்வார்கள். மீட்டர் கேஜில் போட்ட 60 பவுண்டு தண்டவாளம் சுமார் 11.4 சென்டிமீட்டர் உயரம், 50 பவுண்டு சுமார் 10.5. அகலப் பாதையின் 90 பவுண்டு தண்டவாளம் 14.3 இருக்கும். நடுத்தகட்டில், தண்டவாளத்தைச் செய்த உருட்டாலையின் பெயரும் வருடமும் புடைத்த எழுத்தில் இருக்கும். துரு மூடியிருந்தால் சுரண்டாதீர்கள். வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள், எழுத்து தாளில் ஏறிவிடும். ஆனால் இதை மட்டும் சாட்சியாக வைத்துக்கொள்ளக் கூடாது. பழைய தண்டவாளம் ஏலத்தில் போய் எந்த ஊர்த் தூணாகவும் ஆகியிருக்கும்.

மேடு கடைசிச் சாட்சிதான். மேடு என்றாலே பாதை என்று நான் ஒரு தடவை ஏமாந்தாயிற்று. எஃப்.எம்.பி. துண்டு, ஜல்லி, பாலம் மூன்றில் இரண்டு பொருந்தினால் மட்டும் ‘பாதை’ என்று நோட்டில் எழுதுங்கள்.

8. பெரியவர்களிடம் கேட்பது

1986இல் 25 வயதாக இருந்தவர்கள் இன்று 60ஐத் தாண்டிவிட்டார்கள். இந்த வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

‘பழைய ரயில்வே பாதை எங்கே’ என்று கேட்டால் முகம் மாறும். கையில் வரைபடம், டேப்போடு ஒருவன் வந்து நின்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். என்னை ஒரு டீக்கடையில் ஒரு பெரியவர் முதலில் கேட்டது: “யாருப்பா நீ, சர்வேயா? வீட்டை இடிக்க வர்றாங்களா?” அந்தத் துண்டு நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு வருடக்கணக்காக இருக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. காகிதத்தைப் பையில் வைத்துவிட்டு, ஊர் பேர் சொல்லி, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். நான் அம்மாவின் கதையைச் சொன்னேன். அதன்பின் அவரே என் கூட எழுந்து வந்தார்.

‘ரயிலடி’ என்ற சொல்லை வைத்துக் கேளுங்கள். “ஐயா, இந்த ஊர் ரயிலடி எந்தப் பக்கம் இருந்துச்சு?” என்றால் கை தானாக ஒரு பக்கம் நீளும். டிக்கெட் எங்கே வாங்கினீர்கள், கேட் எந்த இடத்தில், காலை வண்டி எத்தனை மணிக்கு, யாருடன் போனீர்கள் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். பொதுவாக ‘சொல்லுங்கள்’ என்றால் ஒன்றும் வராது. வீட்டில் இருக்கிற அம்மாக்களிடமும் கேளுங்கள். சந்தைக்கும் பிரசவத்துக்கும் அந்த வண்டியில் போனவர்கள் அவர்கள். பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். யார் வீடு பாதைமேல் இருக்கிறது என்று எங்கும் எழுதாதீர்கள், படமும் போடாதீர்கள்.

9. செய்யக் கூடாதவை

தண்டவாளத் துண்டு, போல்ட், எல்லைக் கல் எதையும் எடுத்துவராதீர்கள். ரயில்வே சொத்தை அனுமதியில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் வருடச் சட்டப்படி குற்றம், சிறைத் தண்டனை உண்டு.

மயிலாடுதுறை ஜங்ஷன் பக்கத்தில் தேடும்போது ஓடுகிற பாதையைக் குறுக்கே தாண்டக் கூடாது. அத்துமீறலுக்கு ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம். 10 ரூபாய்க்கு பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, பிளாட்பாரத்திலிருந்தே பாருங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதே முறையில் மற்றப் பாதைகளைத் தேடப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘கைவிடப்பட்டது’ என்று பழைய கட்டுரைகளில் படித்த பாதை இன்று உயிரோடு இருக்கலாம். திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 2023இல் அகலப் பாதையாகத் திரும்ப வந்துவிட்டது. பேரளம் – காரைக்காலிலும் புதிதாகத் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். அங்கே கரையில் நடக்கவே கூடாது.

10. பணமும் நாளும்

காகிதச் செலவு பெரிதில்லை. இரண்டு மனுவுக்கு 20 ரூபாய், போஸ்டல் ஆர்டர் கமிஷன், ஸ்பீட் போஸ்ட். 40 பக்கம் நகல் என்றால் 80 ரூபாய். பெரிய பிளான் நகலுக்குத் தனியாக எடுத்து வையுங்கள். கொரோனா படம் தேவைப்பட்டால்தான் டாலர் கணக்கு வரும். அதிகம் போவது பயணத்துக்கும் தங்குவதற்கும். மயிலாடுதுறையில் தங்கினால் காலையில் முதல் பஸ் பிடித்து எந்த ஊரிலும் இறங்கிக்கொள்ளலாம்.

நாள்தான் பெரிய செலவு. மனுவுக்கு 30, மாற்றி அனுப்பினால் இன்னும் 5, பணம் கட்டி நகல் வாங்க இரண்டு மூன்று வாரம், மேல்முறையீடு வந்தால் இன்னொரு 30 முதல் 45 நாள். மே மாதம் நடக்க வேண்டுமென்றால் ஜனவரி முதல் வாரத்தில் மனு போய்விட வேண்டும். பொங்கலுக்கு முன் தபாலில் சேர்த்துவிடுங்கள். பதில் வரும்வரை காத்திருக்கிற நேரத்தில் 3, 4 இரண்டையும் முடிக்கலாம்.

11. வந்தபிறகு

அன்று ராத்திரியே நோட்டைப் பார்த்து எழுதிவிடுங்கள். படம் ஒவ்வொன்றுக்கும் தேதி, கிராமம், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்று மூன்றும் வேண்டும். பாதையை ஒரே வரைபடத்தில் கோடாகப் போட்டு, உறுதியான இடத்தை முழுக்கோடாகவும் ஊகத்தைப் புள்ளிக்கோடாகவும் காட்டுங்கள். அதை ஏ3 தாளில் அச்செடுத்து, உங்களோடு பேசியவர்களுக்கு ஆளுக்கொன்று கொண்டுபோய்க் கொடுங்கள்.

நான் கொடுக்கப் போனபோது, அந்த டீக்கடைப் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஸ்டேஷன் புடைப்பின் ஒரு ஓரத்தில் விரலை வைத்து, “இங்க ஒரு கிணறு இருந்துச்சேப்பா. வண்டி நிக்கிற நேரத்துல இறங்கி ஓடிப்போய்த் தண்ணி குடிப்போம். அதைப் போடலையே?” என்றார். அந்த ஸ்டேஷனின் வரைபடத்தை மட்டும் தனியாகக் கேட்டு, இந்த வாரம் புது மனு அனுப்பியிருக்கிறேன்.